டிக்கியில் இடமில்லை!

லுஹர் தொழுதுவிட்டு முசல்லாவை மடித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. எருக்கலம்பிட்டியிலிருந்து பெரியும்மாவின் மகன்.

"ராத்தா, உம்மா மவுத்தாயிட்டா. மஃரிபு தொழுதுட்டு அடக்கம். சாச்சியக் கூட்டிட்டு உடனே வாங்க" என்றான். அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை.

பெரியும்மா என் உம்மாவுடன் கூடப் பிறந்த ஒரே ராத்தா. 1990 அக்டோபர் கடைசியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அப்போது மன்னார்த் தீவு மக்களில் பெரும்பாலோர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். உம்மாவும் பெரியும்மாவும் ஒரே வள்ளத்தில் வந்தவர்கள். 2009ல் யுத்தம் முடிந்த பிறகு பெரியும்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். உம்மா எங்களோடு புத்தளத்திலேயே தங்கிவிட்டார்.

எங்களைப் போல இரண்டு ஊர்க் குடும்பங்கள் இன்று ஏராளம். காணி அங்கே, கடை இங்கே. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே, கல்யாண வீடு அங்கே. புத்தளத்துக்கும் மன்னாருக்கும் இடையிலுள்ள பாதை எங்களுக்கு முன்வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவே உள்ள நடை மாதிரி. பெருநாள், மவுத்து, பிள்ளைப்பேறு என்று வருடத்தில் எத்தனை முறை போய் வருகிறோம் என்று எண்ணுவதே இல்லை.

ஆனால் அந்த நடை சிறியதல்ல, சகோதரிகளே! புத்தளத்திலிருந்து நொச்சியாகம வழியாக அநுராதபுரம், அங்கிருந்து மதவாச்சி, பிறகு செட்டிகுளம், பறையனாலங்குளம், மடுச் சந்தி, முருங்கன், உயிலங்குளம் என்று போய்த் தாம்போதியைக் கடந்தால்தான் மன்னார் டவுன். ஏறக்குறைய 185 கிலோமீட்டர். மதவாச்சிக்கு அப்பால் காட்டுப் பகுதிகளில் பல மைல்களுக்கு ஒரு கடைகூடக் கண்ணில் படாது. பொழுது சாய்ந்தால் யானைப் பயம் வேறு.

இரண்டரை மணிக்குப் புறப்பட்டோம். உம்மாவின் சக்கர நாற்காலி, மருந்துப் பை, மாற்று உடுப்பு, தண்ணீர்ப் போத்தல்கள். எங்களுடையது ஜப்பானில் செய்த சின்ன ஹைபிரிட் கார். அதன் டிக்கி இவ்வளவுக்கே நிறைந்துவிட்டது.

மடுச் சந்தியைத் தாண்டியதும் மாடுகள் கூட்டமாகக் குறுக்கே வந்தன. இவர் காரை ஓரத்தில் இறக்கினார். 'படார்' என்று ஒரு சத்தம். வீதி ஓரத்தில் கிடந்த கூரான கல் ஒன்று முன் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. நேரம் ஐந்து மணி. இன்னும் ஒரு மணி நேரத்தில் ஊரில் இருந்திருப்போம்.

போத்தல் கைகொடுக்கவில்லை

இப்போது ஓடும் சின்னக் கார்கள் பலவற்றில் ஸ்பெயார் டயரே கிடையாது. டிக்கியின் அடியில் அதற்குப் பதிலாக ஒரு போத்தல் மருந்தும் காற்றடிக்கும் சின்ன மெஷினும் வைத்திருப்பார்கள். டயரில் ஆணி குத்தினால் மருந்தை உள்ளே செலுத்திக் காற்றடிக்க வேண்டும். மருந்து ஓட்டையில் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டு பக்கத்திலுள்ள டயர் கடைக்குப் போய்விடலாம்.

இவர் போத்தலை எடுத்தார். நான் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் வாசித்துக் காட்டினேன். மருந்து போன வேகத்திலேயே கிழிசல் வழியாக வெள்ளை நுரையாக வெளியே வந்து மண்ணில் கொட்டியது. அப்போதுதான் விளங்கியது. இந்த மருந்து தரையில் படும் பகுதியில் விழும் சின்ன ஓட்டைக்குத்தான். ஏறக்குறைய 4 முதல் 6 மில்லிமீட்டர் வரைதான் அது அடைக்கும். பக்கவாட்டுக் கிழிசலுக்கும், வெடித்த டயருக்கும், வளைந்த ரிம்முக்கும் அது உதவாது. போத்தலுக்குக் காலாவதித் திகதியும் உண்டு. எங்கள் போத்தலின் திகதி இரண்டு வருடங்களுக்கு முன்பே முடிந்திருந்தது!

ஒரு வேன் நின்றது. நல்ல மனிதர், தன் ஸ்பெயார் டயரைக் கழற்றித் தரவும் முன்வந்தார். ஆனால் அதில் ஆறு ஓட்டை, எங்கள் காருக்கு நாலு ஓட்டை. பொருந்தவே பொருந்தாது. பிறகு முருங்கன் பக்கத்துத் தமிழ்த் தம்பி ஒருவர் ஆட்டோவில் வந்தார். "அக்கா, அழாதேங்கோ. வீலைக் கழற்றித் தாங்கோ, நான் கொண்டு போறன்" என்றார். எங்கள் டயரின் அளவு முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடையில் ஒரு பழைய டயர் இருந்தது. அதைப் பூட்டிக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது ஏழே முக்கால்.

உம்மா அதுவரை காருக்குள் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தார். மஃரிபு நேரம் வந்தபோது அந்த விரல்கள் நின்றன. ஒன்றும் சொல்லவில்லை.

எருக்கலம்பிட்டியில் நாங்கள் இறங்கியபோது முற்றத்தில் கதிரைகள் மட்டும் இருந்தன. "மொகத்தப் பாக்கலியே" என்று உம்மா ஒரே ஒருமுறை சொன்னார்.

எங்களிடம் ஸ்பெயார் டயர் இருந்தது

இதுவரை சொன்னதில் ஒன்றை மறைத்துவிட்டேன். காருடன் ஸ்பெயார் டயர் வரவில்லைதான். ஆனால் வாங்கிய வருடமே இவர் அதே அளவில் ரிம்முடன் ஒரு பழைய டயர் தேடி வாங்கி வைத்திருந்தார். அது அன்று எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில், தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை டிக்கியிலிருந்து இறக்கி வைத்தவள் நான்தான்.

முந்தைய பயணத்தில் ஊரிலிருந்து பனங்கிழங்கும் கருவாடும் ஒரு மூட்டை கொண்டு வர வேண்டியிருந்தது. "இந்தச் சனியன் இடத்த அடைச்சிட்டுக் கிடக்குது. இந்தக் காலத்துல யாருக்கு டயர் வெடிக்குது? ரோடெல்லாம் காப்பெற் போட்டிருக்குது" என்று சொல்லி இறக்கினேன். திரும்ப ஏற்ற மறந்துபோனது. இவர் இன்றுவரை என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் நிறுத்தினார்கள்?

மோட்டார் வண்டி வந்த புதிதில் ஸ்பெயார் வீல் என்ற ஒன்றே இருக்கவில்லை. டயர் பஞ்சரானால் வீதியிலேயே உட்கார்ந்து ஒட்ட வேண்டும். 1904ல் பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் லனெத்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள் ஒரு வழி கண்டார்கள். டயர் மாட்டிய ஒரு வளையத்தைப் பஞ்சரான சக்கரத்தின்மேல் இறுக்கிப் பூட்டி ஓட்டுவது. அவர்களுடைய கடை ஸ்டெப்னி வீதியில் இருந்தது. இந்தியாவில் இன்றும் ஸ்பெயார் டயரை 'ஸ்டெப்னி' என்று அழைப்பது அந்த வீதியின் பெயரால்தான்!

இன்று கார் கம்பனிகள் அதை விட்டுவிடுவதற்குக் காரணங்கள் உண்டு. பாரம் குறையும், எண்ணெய்ச் செலவு கொஞ்சம் குறையும், விலை குறையும், டிக்கி பெரிதாகும். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் பற்றரிக்கும் இடம் வேண்டும். டயர்களும் முன்பைவிட நல்ல தரத்தில் வருகின்றன. இருபது நிமிடத்தில் உதவி வந்து சேரும் நகரங்களுக்கு இந்தக் கணக்குச் சரி. மடுச் சந்திக்கும் முருங்கனுக்கும் இடையில் அந்தக் கணக்குத் தப்பிவிடுகிறது.

நம் நாட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022ன் நெருக்கடியில் எல்லாப் பொருளும் விலை ஏறியது. பழைய கார்களையே வைத்து ஓட்டினோம். தேய்ந்த டயர்களையும் 'இன்னும் ஆறு மாதம்' என்று ஓட்டினோம். புது டயரில் பயணம் செய்பவருக்கும் தேய்ந்த டயரில் செய்பவருக்கும் ஆபத்து ஒன்றல்ல.

எப்போது ஏற்ற வேண்டும்?

எப்போதும் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மன்னார் டவுனுக்குள் பிள்ளையைப் பாடசாலையில் விட்டு வரவும், புத்தளம் சந்தைக்குப் போய் வரவும் மருந்துப் போத்தல் போதும். திகதி முடியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வீட்டை விட்டுப் புறப்படுமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

டயர் வெடித்தால் உதவி வந்து சேர எவ்வளவு நேரம்? இருட்டுவதற்குள் போய்ச் சேருவோமா? வண்டியில் நோயாளியோ, கர்ப்பிணியோ, கைக்குழந்தையோ, பிந்தக் கூடாத காரியமோ இருக்கிறதா? மூன்றில் ஒன்று பயம் தந்தாலும் மூட்டையை இறக்கிவிட்டு டயரை ஏற்றுங்கள். சின்னக் காரின் டயர் ரிம்முடன் ஏறக்குறைய 12, 13 கிலோதான். கருவாட்டு மூட்டை அதைவிடப் பாரம்!

ஏற்றினால் மட்டும் போதுமா?

போதாது. காற்று இல்லாத ஸ்பெயார் டயர் வெறும் சுமை. மாதம் ஒருமுறை மற்ற நான்கையும் பார்க்கும்போது ஐந்தாவதையும் பாருங்கள். சில கார்களில் மெல்லிய தற்காலிக டயர் இருக்கும். அதற்கு 60 இறாத்தல் காற்று வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டருக்குமேல் அதில் ஓடக் கூடாது. டயர் கடை வரை போவதற்குத்தான் அது.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமலே கிடந்தாலும் இறப்பர் மூப்படையும். ஆறு வருடம் தாண்டினால் கடைக்காரரிடம் காட்டுங்கள். பத்து வருடத்துக்குமேல் வேண்டவே வேண்டாம்.

பழைய ஸ்பெயார் வாங்குவோர் டயரின் அளவை மட்டும் பார்க்கக் கூடாது. ரிம்மின் ஓட்டைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் ஒத்துவர வேண்டும். வாங்கும் இடத்திலேயே ஒருமுறை பூட்டிப் பாருங்கள். டிக்கியில் வைத்தால் பட்டியால் இறுகக் கட்டுங்கள். திடீரென்று பிரேக் போட்டால் கட்டாத டயர் முன்னால் பாய்ந்து வரும்.

நம் தீவுக்காரருக்கு ஒரு தனி எச்சரிக்கை. வேன்களில் ஸ்பெயார் டயர் அடியில் தொங்கும். உப்புக் காற்றில் அதன் சங்கிலியும் நட்டுகளும் துருப்பிடித்து இறுகிவிடும். தேவைப்படும் நாளில் இறக்கவே முடியாது. வருடத்தில் இரண்டு முறையாவது இறக்கி, கிறீஸ் பூசி ஏற்றுங்கள்.

நாமே மாற்றலாம்

"இது ஆம்பிளைகள்ட வேலை" என்றுதான் நானும் இருந்தேன். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் முற்றத்தில் நானும் மகளும் படித்துக்கொண்டோம்.

வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டு, எல்லோரையும் இறக்கி வீதியை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள். நான்கு பக்கமும் விளக்குகள் மினுங்கட்டும். எதிர் மூலையிலுள்ள சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். டயர் தரையில் இருக்கும்போதே நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் சேர்ந்து சுழலும். கையால் முடியாவிட்டால் ஸ்பேனரில் காலை வைத்து அமுக்குங்கள். ஒரு துண்டு இரும்புக் குழாயைப் பிடியில் செருகினால் இன்னும் சுலபம்.

மன்னார் மண் ஜாக்கியை விழுங்கிவிடும். ஆகவே ஓர் அடிச் சதுரப் பலகை ஒன்று டிக்கியில் எப்போதும் இருக்கட்டும். புத்தகத்தில் காட்டிய இடத்தில் மட்டுமே ஜாக்கியை வையுங்கள். தூக்கிய வண்டியின் கீழே கையோ காலோ போகக் கூடாது. புது டயரைப் பூட்டும்போது நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்குங்கள். இறக்கிய பின் மறுபடி இறுக்குங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பின் இன்னொருமுறை பாருங்கள். அபாயாவின் கைகளை மடித்துவிட்டு ஒரு சோடிக் கையுறை போட்டால் கையும் உடுப்பும் தப்பும். எங்களுக்கு முதல் தடவை ஐம்பது நிமிடம் ஆனது. மூன்றாம் தடவை இருபத்திரண்டு!

ஆபத்தான இடத்தில் மாட்டிக்கொண்டால் பொலிஸாருக்கு 119. நோயாளி இருந்தால் இலவச அம்புலன்ஸுக்கு 1990. இந்த இரண்டாவது எண்ணை மன்னார் முஸ்லிம்களுக்கு யாரும் மனப்பாடம் பண்ணிக் கொடுக்கத் தேவையில்லை.

உம்மாவின் தீர்ப்பு

போன பெருநாளைக்கு மறுபடி ஊருக்குப் புறப்பட்டோம். டிக்கியில் டயரை வைத்துக் கட்டினால் சக்கர நாற்காலிக்கு இடமில்லை. நாற்காலியை வைத்தால் டயருக்கு இடமில்லை. இவரும் நானும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த உம்மா சொன்னார்:

"டயர ஏத்துங்க புள்ள. நாற்காலி இங்க கிடக்கட்டும். அங்க போனா என்னயத் தூக்க நாலு பேரு வருவான். நடுக்காட்டுல ஆரு வருவா?"

அப்படியே செய்தோம். எருக்கலம்பிட்டியில் இறங்கியதும் பெரியும்மாவின் மகன் ஓடி வந்து உம்மாவை இரு கைகளிலும் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

சகோதரிகளே! இதை வாசித்து முடித்ததும் உங்கள் வீட்டு வாகனத்தின் டிக்கியைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது டயரா, போத்தலா, அல்லது மூட்டைகள் மட்டும்தானா? டயர் இருந்தால் அதன் காற்றைப் பாருங்கள். போத்தல் இருந்தால் அதன் திகதியைப் பாருங்கள். பிறகு பயணம் போங்கள். அல்லாஹ் நம் எல்லோரையும் நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்ப்பானாக!