உங்களுக்குத் தெரியுமா? மூச்சு வாங்கும் நாட்களில்...

◆ சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் 2021-இல் உலகெங்கும் சுமார் 35 லட்சம் பேர் இறந்தனர். பீடி, சிகரெட்டையே தொடாதவர்களுக்கும் இது வரும். பல ஆண்டு விறகடுப்புப் புகையும் ஒரு முக்கியக் காரணம்.

◆ இந்நோயில் மூச்சை இழுப்பதைவிட விடுவதே கடினம். பழைய காற்று உள்ளே தேங்குவதால் புதுக் காற்றுக்கு இடமிருக்காது. மூக்கால் 2 எண்ணும்வரை இழுத்து, விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவித்து 4 எண்ணும்வரை மெல்ல ஊதுங்கள். மூச்சுக் குழாய்கள் சட்டென மூடிக்கொள்ளாமல், தேங்கிய காற்று வெளியேறும்.

◆ உட்கார்ந்து, சற்றே முன்னால் சாய்ந்து, கைகளைத் தொடையில் ஊன்றினால் இளைப்பு தணியும். முகத்தில் படும் விசிறிக் காற்றும் திணறலைக் குறைக்கும்.

◆ வயிறு முட்டச் சாப்பிட்டால் உதரவிதானம் கீழே இறங்க இடமிருக்காது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளை சாப்பிடுவது நல்லது.

◆ 1955-இல் அமெரிக்காவில் ஆஸ்துமாவால் அவதிப்பட்ட 13 வயதுச் சிறுமி, "என் மருந்தை ஏன் ஸ்பிரே டப்பாவில் அடைக்கக் கூடாது?" என்று தந்தையிடம் கேட்டாள். தந்தை ஜார்ஜ் மெய்சன், ரைக்கர் மருந்து நிறுவனத்தின் தலைவர். மறு ஆண்டே அழுத்தினால் மருந்து பீய்ச்சும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது.

◆ ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் வாயில் பூஞ்சைத் தொற்று வரலாம். இன்ஹேலரில் ஸ்பேசர் எனும் குழலை மாட்டி இழுத்தால், தொண்டையில் படியும் மருந்து குறையும். நுரையீரலுக்குப் போவது கூடும்.

◆ இளைப்பு வழக்கத்தைவிட மிகுதல், சளி கூடுதல், சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுதல்: நோய் சீறப்போவதன் மூன்று அறிகுறிகள் இவை. காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

◆ சீற்றத்தின்போது தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரை, 14 நாள் எடுத்தால் தரும் பலனை 5 நாளிலேயே தந்துவிடுகிறது என 2013-இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு காட்டியது.

◆ ஆக்ஸிஜனும் அளவோடுதான்! கடும் சீற்றத்தில் சி.ஓ.பி.டி. நோயாளிக்கு ஆக்ஸிமீட்டர் 88 முதல் 92 சதவீதம் வரை காட்டினால் போதும். அளவு மீறினால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கி, தூக்கக் கலக்கமும் குழப்பமும் வரலாம். 108 ஆம்புலன்ஸில் ஏறியதும், "இவருக்கு சி.ஓ.பி.டி." என்று முதலில் சொல்லிவிடுங்கள்.