பிள்ளைப் பற்கள் – 7: விழாத பால் பல்

பதின்மூன்று வயதாகியும் கீழ்த்தாடையில் ஒரு பால் பல் அசையாமல் நின்றால், “பிள்ளைக்குப் பல் அவ்வளவு கெட்டி” என்று வீட்டில் பெருமைப்பட்டுக்கொள்வார்கள். பல நேரங்களில் அது கெட்டியாக இருப்பதால் நிற்பதில்லை. அதைத் தள்ளிவிட்டு வரவேண்டிய நிரந்தரப் பல் அடியில் உருவாகவே இல்லை.

நிரந்தரப் பல் மேலே ஏறி வர வர, பால் பல்லின் வேர் கரையும். பிடிப்பு விட்டதும் பல் ஆடி விழும். கீழே ஆள் இல்லாவிட்டால் வேர் மிக மெதுவாகத்தான் கரையும். நாற்பது வயதிலும் பால் பல்லால் மென்று சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அது தெரியாது.

இது எத்தனை பேருக்கு? பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், நூற்றுக்குச் சுமார் 6 பேருக்கு ஒரு நிரந்தரப் பல்லாவது பிறவியிலேயே இல்லை. பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்குச் சற்று அதிகம். பெரும்பாலும் காணாமல் போவது கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப் பல். அடுத்தது, மேலே நடு வெட்டுப் பற்களை ஒட்டி நிற்கும் சின்ன வெட்டுப் பல். இந்தக் கணக்கில் ஞானப் பல் இல்லை. அதையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவருக்கு மேல் ‘குறையுள்ளவர்’ ஆகிவிடுவார்கள்! அதனால்தான் ஆய்வாளர்கள் அதை ஒதுக்கிவிடுகிறார்கள்.

பல் இல்லாமல் போவது பெரும்பாலும் பரம்பரை. சிந்து பகுதியில் ஒரு குடும்பத்தைப் பற்றித் தமக்குக் கிடைத்த தகவலைச் சார்லஸ் டார்வின் 1875இல் பதிவு செய்திருக்கிறார். நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு இரு தாடையிலுமாகப் பன்னிரண்டு பற்கள்தான். முடி குறைவு, வெயிலில் தோல் வறண்டு துன்பம். பெண்களுக்கு இந்தக் குறை வரவில்லை. ஆனால் அவர்கள் பெற்ற மகன்களுக்கு வந்தது. எக்ஸ் குரோமோசோம் வழியே இறங்கும் கோளாறு என்று இன்று எந்த மருத்துவரும் சொல்லிவிடுவார். டார்வின் காலத்தில் குரோமோசோம் என்ற சொல்லே கிடையாது.

கூடுதலாக முளைக்கும் பல் இதைவிட அரிது: ஆயிரத்துக்கு ஒருவர் முதல் நூற்றுக்கு நான்கு பேர் வரை. இது பையன்களுக்கே அதிகம். மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் கூம்பு போலக் குட்டியாக முளைப்பது அதன் வழக்கம். 2019இல் சென்னையில் ஏழு வயதுச் சிறுவனின் தாடையிலிருந்து 526 குட்டிப் பற்களை எடுத்த செய்தி நினைவிருக்கும். அது வேறு கதை. பல் திசுக்களால் ஆன ஒரு கட்டி அது.

எல்லாக் கோளாறுகளையும் கூட்டினால் என்ன வரும் என்பது எண்ணுகிறவரைப் பொறுத்தது. வாயைத் திறந்து மட்டும் பார்த்தால் எலும்புக்குள் ஒளிந்திருப்பவை தப்பிவிடும். நிரந்தரக் கடைவாய்ப் பல்லின் எனாமல் மஞ்சள் திட்டோடு, மாவு போல உதிரும்படி முளைக்கும் குறை உலகில் ஏழெட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு இருக்கிறது. அதைச் சேர்த்தால் எண்ணிக்கை எங்கேயோ போய்விடும். தருமபுரியில் ஃப்ளோரைடு மிகுந்த கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பழுப்புப் பல்லை இந்தப் பட்டியலில் போடுவது எனக்குச் சம்மதமில்லை. அது தண்ணீர் செய்த கோளாறு. நல்ல தண்ணீர் கொடுத்தால் அடுத்த பிள்ளைக்கு வராது. தனித்தனியே பார்த்தால் இவற்றில் பல அரிது. ஒன்றாகப் பார்த்தால், எந்த வகுப்பறையிலும் இரண்டு மூன்று பிள்ளைகளாவது இருப்பார்கள்.

பெற்றோர் செய்யவேண்டியது அதிகமில்லை. ஒரு பக்கம் நிரந்தரப் பல் வந்து ஆறு மாதமாகியும் மறுபக்கத்து இணை வரவில்லையா? பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பத்து வயதில், மேல் ஈறை வெளிப்பக்கம் விரலால் தடவினால் கோரைப் பல்லின் புடைப்பு தட்டுப்பட வேண்டும், தட்டுப்படாவிட்டாலும் காட்டுங்கள். விழாத பால் பல்லை மட்டும், அடியில் நிரந்தரப் பல் இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்காமல் பிடுங்கச் சொல்லாதீர்கள். அடியில் ஒன்றும் இல்லையென்றால், அந்த இடத்துக்கு இயற்கை கொடுத்த பல் அது ஒன்றுதான்.