விம்பிள்டன் பட்டம் பெறாத வீரர்

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நமக்கு இந்த உரையாடல் புதிதன்று. கொல்கத்தாவிலோ, மும்பையிலோ, தில்லியிலோ நண்பர்கள் கூடுகிறார்கள். பேச்சு டென்னிஸ் ஆட்டத்தின் பக்கம் திரும்புகிறது. நம்மவர் ஒருவர் பெருமிதத்துடன் ராமநாதன் கிருஷ்ணனின் பெயரைச் சொல்லுகிறார். உடனே எதிர்ப்புறத்திலிருந்து ஒரு வினா எழுகிறது: "அவர் விம்பிள்டன் பட்டம் வென்றாரா?" இல்லை என்பதுதான் விடை. அதன் பிறகு நம்மவர் ஒன்று வாயடைத்துப் போகிறார், அல்லது சினங்கொண்டு இல்லாத சிறப்புக்களையெல்லாம் கிருஷ்ணனுக்கு ஏற்றிச் சொல்லத் தொடங்குகிறார். இரண்டுமே தேவையற்றவை. ஓர் ஆட்டக்காரரின் வரலாற்றை எடைபோடும் முறையைச் சற்று நிதானமாக ஆராய்ந்தால் நாம் தலைகுனியவும் வேண்டியதில்லை, மிகைப்படுத்தவும் வேண்டியதில்லை.

முதலில் நிகழ்ந்தவற்றைப் பார்ப்போம். கிருஷ்ணன் 1937-ஆம் ஆண்டு நாகர்கோவிலில் பிறந்தவர். அவருக்கு ஆட்டம் பயிற்றுவித்தவர் அவருடைய தந்தை டி. கே. ராமநாதன். 1954-இல் விம்பிள்டனில் சிறுவர் பட்டத்தைக் கிருஷ்ணன் வென்றார். ஆசியர் ஒருவர் அப்பட்டத்தைப் பெற்றது அதுவே முதல் தடவை. 1959-இல் லண்டன் குவீன்ஸ் கிளப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியரான நீல் ஃபிரேஸரை நேர் ஸெட்களில் தோற்கடித்தார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் ஒற்றையர் ஆட்டத்தில் அரையிறுதிவரை சென்றார். 1962-இல் நான்காம் இடம் அளிக்கப்பட்டுக் களமிறங்கியும், கணுக்கால் காயத்தினால் நடுவில் விலக நேர்ந்தது. தேசிய ஒற்றையர் பட்டத்தை எட்டு முறை வென்றிருக்கிறார். விம்பிள்டன் ஆடவர் ஒற்றையரில் அரையிறுதியை எட்டிய இந்தியர் அவருக்குப் பின் ஒருவருமில்லை.

ஆசியாவிலேயே முதல்வர் என்று நம்மவர் சிலர் சொல்லுவதுண்டு. சிறுவர் பட்டத்தைப் பொறுத்தவரை அது உண்மை. அரையிறுதியைப் பொறுத்தவரை அன்று. ஜப்பானியரான ஜிரோ ஸாட்டோ 1932-லும் 1933-லும் அங்கே அரையிறுதியில் ஆடியிருக்கிறார். உண்மையான புகழுக்குப் பொய்ப் புகழால் முட்டுக் கொடுப்பானேன்?

இனி, பட்டங்களை எண்ணிப் பார்ப்பது எவ்வளவு தூரம் சரியான அளவுகோல் என்பதைப் பார்ப்போம். 1968-ஆம் ஆண்டு வரை டென்னிஸ் உலகம் இரு கூறாகப் பிரிந்து கிடந்தது. ஊதியம் பெறாத அமெச்சூர்கள் மட்டுமே விம்பிள்டன் முதலிய நான்கு பெரும் போட்டிகளிலும் ஆடலாம். ஒப்பந்தம் செய்து கொண்டு பணத்துக்கு ஆடுபவர்களுக்கு அங்கே இடமில்லை. அவர்கள் ஊர் ஊராகச் சென்று தமக்குள்ளேயே ஆடி வந்தார்கள். இதன் விளைவை ஒரே எடுத்துக்காட்டால் விளக்கிவிடலாம். ராட் லேவர் 1962-இல் நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்று, உடனே தொழில்முறை ஆட்டக்காரரானார். 1963 முதல் 1967 வரை நடந்த இருபது பெரும் போட்டிகளில் ஒன்றில்கூட அவர் ஆட முடியவில்லை. அவரில்லாத அந்த ஐந்தாண்டுகளில் ராய் எமர்ஸன் பத்துப் பட்டங்களை வென்றார். கணக்கேட்டைப் புரட்டினால் எமர்ஸனுக்குப் பன்னிரண்டு, லேவருக்குப் பதினொன்று. எமர்ஸன் லேவரைவிட ஒருபடி மேலானவர் என்று இதிலிருந்து யாரேனும் முடிவு கட்டுவார்களா? கட்டடம் திறந்துவிடப்பட்ட மறு ஆண்டே, அதாவது 1969-இல், லேவர் நான்கையும் மீண்டும் ஒருங்கே வென்று காட்டினார்.

இதே தராசில் கிருஷ்ணனையும் நிறுத்த வேண்டும். அப்போது ஒரு தட்டு மட்டும் உயர்ந்து விடாது. 1960-லும் 1961-லும் பாஞ்சோ கொன்ஸாலெஸ், கென் ரோஸ்வால், லூ ஹோட் போன்ற மாபெரும் ஆட்டக்காரர்கள் தொழில்முறைக் குழுவில் இருந்தார்கள். ஆகவே விம்பிள்டன் அரையிறுதியை எட்டியதனால் கிருஷ்ணன் உலகத்தின் முதல் நால்வரில் ஒருவர் என்று நாம் வாதிட முடியாது. அமெச்சூர்களிடையே முன்னணியில் நின்றவர் என்பதே சரி. அந்நாளில் கணிப்பொறி வரிசைப் பட்டியல் கிடையாது. விமர்சகர்கள் தம் அறிவைக்கொண்டு தயாரித்த பட்டியல்களே உண்டு. அவற்றில் முதல் பத்துப் பேருக்குள் கிருஷ்ணன் இடம் பெற்றார்.

ஆனால் அவர் யாரை வென்றார், யாரிடம் தோற்றார் என்பதையும் கவனிக்க வேண்டுமல்லவா? 1960-இல் அவரைத் தோற்கடித்த ஃபிரேஸரும், 1961-இல் தோற்கடித்த லேவரும் அந்தந்த ஆண்டின் பட்டத்தை வென்றவர்கள். 1961 கால் இறுதியில் கிருஷ்ணன் நேர் ஸெட்களில் வீழ்த்தியது யாரை? ராய் எமர்ஸனை. அதே ஆண்டில் ஆஸ்திரேலியப் பட்டமும் அமெரிக்கப் பட்டமும் பெற்ற அதே எமர்ஸன்! லேவரைக்கூட 1959 டேவிஸ் கோப்பை ஆட்டமொன்றில் கிருஷ்ணன் நான்கு ஸெட்களில் வென்றிருக்கிறார்.

பின் ஏன் இறுதிப் படியை அவர் தாண்டவில்லை? இரண்டு அரையிறுதிகளிலும் அவர் ஒரு ஸெட்கூட எடுக்கவில்லை என்பதை மறைக்க வேண்டாம். காரணம் அவருடைய ஸர்வீஸ். அது மென்மையானது, எதிராளியை அச்சுறுத்தும் வேகம் அதில் இல்லை. அக்காலத்து விம்பிள்டன் புல்தரையோ, இடிபோல் ஸர்வீஸ் செய்து வலையை நோக்கிப் பாய்ந்து வருபவருக்கே சாதகமானது. கிருஷ்ணனின் பலம் கையின் நயத்தில் இருந்தது. பந்தின் வேகத்தை வாங்கிக்கொண்டு, எதிராளி இல்லாத மூலையில் அதை வைத்துவிடுவார். தரையிலிருந்து எழும் கணத்திலேயே பந்தைத் தொட்டுத் திருப்புவதில் அவருக்கு நிகரானவர் சிலரே. அத்தகைய ஆட்டம் காண்பவருக்கு விருந்து. ஏழு சுற்றுக்களைத் தொடர்ந்து வெல்வதற்கு மட்டும் அது போதவில்லை.

1959-இல் தொழில்முறைக் குழுவை நடத்தி வந்த ஜாக் கிரேமர் கிருஷ்ணனை அழைத்தார். கிருஷ்ணன் மறுத்துவிட்டார். ஒப்புக்கொண்டிருந்தால் பெரும் பொருள் கிடைத்திருக்கும். பின்னர் வந்த இரு விம்பிள்டன் அரையிறுதிகளும் இல்லாமற் போயிருக்கும். டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடும் உரிமையும் அன்றே முடிந்திருக்கும். போட்டிகள் எல்லோருக்கும் திறக்கப்பட்ட 1968-இல் அவருக்கு வயது முப்பத்தொன்று.

டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக அவர் வென்றவை ஒற்றையரில் 50, தோற்றவை 19. இரட்டையரில் வென்றவை 19, தோற்றவை 9. இந்த எண்களுக்குள் 1966-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துக் கல்கத்தா ஆட்டம் ஒன்று அடங்கியிருக்கிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அந்நாளில் முன்னாண்டு கோப்பையை வென்ற நாடு தன் இடத்திலேயே காத்திருக்கும். மற்ற நாடுகள் தமக்குள் மோதி, எஞ்சிய ஒரு நாடு அதை எதிர்த்து ஆடச் செல்லும். இந்தியா மேற்கு ஜெர்மனியை வென்றபின் பிரேஸில் மட்டுமே எஞ்சியிருந்தது. கல்கத்தா சௌத் கிளப் புல்தரையில் இரு நாடுகளும் ஆளுக்கு இரண்டு வெற்றிகள் பெற்றுச் சமநிலையில் நின்றன. ஐந்தாவது ஆட்டத்தில் கிருஷ்ணனும் இடதுகை ஆட்டக்காரரான தோமாஸ் கோக்கும் மோதினார்கள். ஸெட்டை விரைவில் முடித்துவைக்கும் 'டை பிரேக்' முறை அப்போது இல்லை. இரண்டு கேம் முன்னிலை கிடைக்கும்வரை ஆடியே தீர வேண்டும். மூன்றாவது ஸெட் 10-12 என்று நீண்டு கோக்கின் கைக்குப் போயிற்று. இரண்டு ஸெட்களுக்கு ஒன்று என முன்னேறிய கோக், நான்காவதில் 5-2 என்று நின்றார். இன்னும் ஒரே ஒரு கேம் எடுத்தால் பிரேஸில் ஆஸ்திரேலியாவுக்குப் பயணப்படும். கிருஷ்ணனுக்கு அப்போது வயது இருபத்தொன்பது. ஆட்டத்தின் உச்சப் பருவம் கடந்துவிட்டதென்று பலரும் எண்ணியிருந்த நேரம். அங்கிருந்து தொடர்ச்சியாக ஐந்து கேம்களை எடுத்து அந்த ஸெட்டை 7-5 என்று மீட்டார். ஐந்தாவது ஸெட் 6-2.

அதனால் இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சவால் சுற்றுக்குச் சென்றது. மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4-1 என்று வென்றது. கிருஷ்ணன் தம் ஒற்றையர் ஆட்டங்கள் இரண்டிலும் தோற்றார். நமக்குக் கிடைத்த அந்த ஒரு வெற்றி இரட்டையரில் வந்தது. கிருஷ்ணனும் வங்காளத்து ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து, முந்திய ஆண்டில் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் பெற்றிருந்த ஜான் நியூகோம்ப், டோனி ரோச் இணையை வென்றார்கள். கொல்கத்தா வாழ் தமிழர்கள் தம் வங்காள நண்பர்களுடன் பேசும்போது இந்த ஆட்டத்திலிருந்தே தொடங்கலாம், சண்டை வராது.

ஒருவர் விட்டுச் சென்றதை அளப்பது இன்னும் கடினம். 1974-லும் 1987-லும் இந்தியா மீண்டும் டேவிஸ் கோப்பை இறுதியை எட்டியது. முதலாவதில் தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் கொள்கையை எதிர்த்து நாம் ஆட மறுத்துவிட்டோம். சென்னையைச் சேர்ந்த அமிர்தராஜ் சகோதரர்கள் அக்காலத்தில் பெயர் பெற்றவர்கள். இவற்றையெல்லாம் கிருஷ்ணனின் கணக்கில் எழுதிவிடுவது நியாயமாகாது. அவரவர் உழைப்பு அவரவருடையது. ஆனால் 1987-இல் ஸிட்னி நகரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அரையிறுதியில், இரண்டுக்கு இரண்டு என்றிருந்தபோது ஐந்தாவது ஆட்டத்தில் வாலி மாஸுரை வென்று இந்தியாவை இறுதிக்கு அழைத்துச் சென்றவர் கிருஷ்ணனின் புதல்வர் ரமேஷ். அவரும் 1979-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் பெற்றவர். அவருடைய ஸர்வீஸும் மென்மையானதுதான்.