பீரோ சாவி யார்கிட்ட இருக்கு? பள்ளி நூலகத்தைக் குழந்தைகள் கையில் கொடுப்பது எப்படி?

உங்க ஸ்கூல்ல லைப்ரரி இருந்துச்சா? 'ஓ, இருந்துச்சே!' என்பீர்கள். அதிலிருந்து ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து வீட்டுக்குக் கொண்டு போயிருக்கீங்களா? இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் பலரும் கொஞ்சம் யோசிப்பார்கள். ஏனென்றால், நம்மில் பலருக்கு ஸ்கூல் லைப்ரரி என்றால் ஹெச்.எம் ரூம் ஓரத்தில் நின்ற இரும்பு பீரோதான். அதற்குள் புத்தகம் இருந்ததும் தெரியும், அதற்கு ஒரு பூட்டு இருந்ததும் தெரியும்.

'இந்தக் காலத்துப் பசங்க எங்கே படிக்கிறாங்க, எந்நேரமும் போன்தான்' என்று அலுத்துக்கொள்கிறோம். ஆனால், போன் கைக்கெட்டும் தூரத்திலும் புத்தகம் பூட்டுக்குள்ளும் இருந்தால், குழந்தை எதை எடுக்கும்? பிரச்னையை அங்கிருந்து பார்த்தால் தீர்வும் சுலபமாகத் தெரியும்.

சட்டம் என்ன சொல்லுது?

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. நாளிதழ், பத்திரிகை, எல்லாப் பாடங்களுக்குமான புத்தகங்கள் ஆகியவற்றோடு கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்று தனியாகவே சொல்கிறது. அரசுப் பள்ளிகளுக்கு 'சமக்ர சிக்ஷா' திட்டத்தின் கீழ் நூலக மானியமும் உண்டு. பள்ளியின் நிலையைப் பொறுத்து ஆண்டுக்கு ₹5,000 முதல் ₹20,000 வரை. பெரிய தொகை இல்லைதான். ஆனால், மெலிசான சிறுவர் புத்தகங்கள் வாங்கினால் ஒரு வகுப்புக்கே போதும்.

அப்படியானால் வாசிப்பு எந்த நிலையில் இருக்கிறது? கிராமப்புறக் குழந்தைகளிடம் நடத்தப்படும் 'ஏசர்' ஆய்வின்படி, கொரோனாவுக்குப் பிறகு 2022-ல், தமிழ்நாட்டில் 5-ம் வகுப்புக் குழந்தைகளில் சுமார் நான்கில் ஒருவரால்தான் 2-ம் வகுப்புப் பாடத்தைத் தடையில்லாமல் வாசிக்க முடிந்தது. 2024-ல் நிலைமை தேறி, மூன்றில் ஒருவர் என்ற அளவுக்கு வந்தது. மீதிப் பேருக்குப் பாடப்புத்தகம் என்பதே ஒரு மதில் சுவர். அதில் ஏற ஏணி வேண்டும். அந்த ஏணிதான் கதைப் புத்தகம்.

மேல்விஷாரத்தில் இது ஏன் முக்கியம்?

ராணிப்பேட்டை மாவட்டத்தில், ஆற்காட்டுக்குப் பக்கத்தில், பாலாற்றை ஒட்டி இருக்கிறது மேல்விஷாரம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழில் பட்டையில் ஒரு முக்கியமான ஊர். படிப்புக்காகச் செலவு செய்யத் தயங்காத ஊரும்கூட. மேல்விஷாரம் முஸ்லிம் கல்விச் சங்கம் 1918-ல் தொடங்கப்பட்டது. இந்த ஊரின் கொடையாளர் நவாப் சி.அப்துல் ஹக்கீம் பெயரில் 1965-ல் கல்லூரியும் வந்தது.

அதே சமயம், இந்தப் பட்டையில் டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் ஷிப்ட் பார்த்துப் போகும் அப்பா அம்மாக்கள் நிறைய. வேலை முடிந்து வந்து, சமைத்து, அதன்பிறகு பிள்ளைக்குக் கதை வாசித்துக் காட்ட எல்லோருக்கும் தெம்பு இருக்காது. சிலருக்கு வாசிக்கத் தெரியாமலும் இருக்கலாம். காசு கொடுத்துக் கதைப் புத்தகம் வாங்குவது பல வீடுகளில் கடைசிச் செலவு. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பாடம் இல்லாத ஒரு புத்தகத்தைத் தொட்டுப் பார்க்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு ஸ்கூல் லைப்ரரி பீரியட்தான். அந்தப் பீரியடையும் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொண்டால், அந்த வாரம் அவ்வளவுதான்.

இன்னொன்று மொழி. தமிழும் உருதும் கலந்து ஒலிக்கும் பகுதி இது. வீட்டில் உருது, மதரஸாவில் அரபு, ஸ்கூலில் தமிழும் ஆங்கிலமும் என்று வளரும் பிள்ளைகள் இங்கே சகஜம். சில எழுத்துகள் இடமிருந்து வலம் ஓடும், சில வலமிருந்து இடம் ஓடும். 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தால் 10-ம் வகுப்பு வரை தமிழ் படிப்படியாகக் கட்டாயப் பாடமானது. சிறுபான்மை மொழி மாணவர்களின் தேர்வு விவகாரம் நீதிமன்றம் வரை போனது. வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தை, தமிழைத் தேர்வுத்தாளில்தான் முதலில் சந்திக்கிறது என்றால் பயம் வரத்தானே செய்யும்? கதையில் சந்தித்தால் நட்பு வரும்.

ஏன் பூட்டு போடறாங்க?

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளிப் புத்தகங்கள் இருப்புப் பதிவேட்டில் ஏறியவை. ஆடிட் வரும்போது ஒன்று குறைந்தாலும் 'எங்கே?' என்று கேட்பார்கள். கிழிந்தால் யார் பதில் சொல்வது, தொலைந்தால் யார் கட்டுவது என்ற பயத்தில், பூட்டி வைப்பதுதான் பாதுகாப்பு என்று தோன்றிவிடுகிறது.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, நூலகத்தில் புத்தகம் தொலைவதை இயல்பு என்றே ஏற்றுக்கொள்கிறது. ஆண்டுக்கு வாசிக்க எடுக்கப்படும் ஒவ்வொரு 1,000 புத்தகத்துக்கும் 5 தொலைந்தால் அது நியாயமான இழப்பு. மோசடியோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது. ₹1,000-க்கு மேல் விலையுள்ள புத்தகமோ அரிய புத்தகமோ தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

இது மத்திய அரசு நிறுவனங்களுக்கான விதி. ஆனால், அதன் கணக்கைப் பாருங்கள். 200 பிள்ளைகள் வாரம் ஒரு புத்தகம் என 40 வாரம் எடுத்தால் 8,000 முறை புத்தகம் கைமாறும். இந்த விதிப்படி 40 புத்தகம் தொலைந்தாலும் தப்பில்லை. ஒரு புத்தகம்கூட வெளியே போகாத பீரோவில்தான் இழப்புக்கு அனுமதி பூஜ்யம்! அதாவது, புத்தகம் எவ்வளவு புழங்குகிறதோ, அவ்வளவு மன்னிப்பு.

இதன் தத்துவத்தை நம்ம ஊர்க்காரர் ஒருவர் எப்போதோ சொல்லிவிட்டார். சீர்காழியில் பிறந்து, கணிதப் பேராசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதினார். புத்தகம் பயன்படுத்துவதற்குத்தானே தவிர, பத்திரப்படுத்துவதற்கு அல்ல என்பது முதல் விதியின் சாரம். அதே 1931-ல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி கிராமம் கிராமமாக எடுத்துப்போகும் நடமாடும் நூலகமும் தொடங்கியது. தொண்ணூறு வருடங்களுக்கு முன்பே மாட்டு வண்டி ஏறிய புத்தகம், இன்று ஹெச்.எம் ரூமிலிருந்து 4-ம் வகுப்புக்குப் போக முடியாதா?

40 நிமிஷ லைப்ரரி பீரியட்... இப்படிப் பிரிக்கலாம்!

நூலகச் செயல்பாடு என்றால் பெரிய விழா எதுவும் வேண்டாம். ஒரு பீரியட் போதும்.

முதல் 5 நிமிஷம்: போன வாரம் எடுத்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுப்பது. இதைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளே. மாதம் இரண்டு மாணவ நூலகர்கள். பதிவேட்டில் எழுதுவது, கிழிந்ததைப் பசை போட்டு ஒட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. தன் கையால் ஒட்டிய புத்தகத்தைக் குழந்தை கிழிக்க யோசிக்கும்.

அடுத்த 10 நிமிஷம்: ஆசிரியர் ஒரு கதையை உரக்க வாசித்துக் காட்டுவது. படத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்து, சுவாரஸ்யமான இடத்தில் நிறுத்தி, 'அடுத்து என்ன ஆகும்?' என்று கேட்க வேண்டும். இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையும் இதில் முழு வாசகர்தான்.

அடுத்த 15 நிமிஷம்: அவரவர் புத்தகத்தை அவரவர் மௌனமாக வாசிப்பது. ஒரே நிபந்தனை, ஆசிரியரும் வாசிக்க வேண்டும். நோட்டுத் திருத்தக் கூடாது, போன் பார்க்கக் கூடாது. பெரியவர்கள் சொல்வதைவிட, செய்வதைத்தானே பிள்ளைகள் காப்பி அடிக்கிறார்கள்?

அடுத்த 5 நிமிஷம்: இரண்டு பிள்ளைகள் தாங்கள் படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுவது. முடிவைச் சொல்லக் கூடாது. சினிமா டீசர் மாதிரி! 'நல்ல புத்தகம், படிங்க' என்று டீச்சர் சொன்னால் எடுக்காத பிள்ளை, பக்கத்து பெஞ்ச் ஃப்ரெண்ட் சொன்னால் எடுத்துவிடும்.

கடைசி 5 நிமிஷம்: அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது. இதற்குப் புத்தகம் முகம் காட்ட வேண்டும். பீரோவில் முதுகைக் காட்டி நிற்கும் புத்தகத்தைக் குழந்தைக்கு அடையாளம் தெரியாது. ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு கயிறு கட்டி, துணி காயப்போடுவது போல அட்டை தெரியத் தொங்கவிட்டால் போதும். செலவு, ஒரு கயிறு.

தேர்வு செய்யும்போது 'இது உனக்கு ரொம்ப ஈஸி, பெரிய புத்தகம் எடு' என்று விரட்டக் கூடாது. தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் 'வாசிப்பு இயக்கம்' இதை அழகாகப் புரிந்துகொண்டிருக்கிறது. 2023-ல் தொடங்கிய இத்திட்டத்தில் வரும் சின்னச் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. எந்த வகுப்பு என்பதல்ல, எந்த அளவுக்கு வாசிக்க முடிகிறது என்பதே கணக்கு. 7-ம் வகுப்புப் பிள்ளை 'நுழை' புத்தகத்தில் ஆரம்பித்தாலும் அவமானம் இல்லை.

பரிசு கொடுத்தால் படிப்பாங்களா?

'அதிகப் புத்தகம் படித்தவருக்குப் பரிசு' என்று அறிவிக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைய ஆசைப்படும் மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு, 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். தந்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் தாங்களாகவே வரையும் நேரம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. ஆசையாகச் செய்த காரியம், கூலிக்கான வேலையாகிவிட்டது.

வாசிப்புக்கும் இந்த ஆபத்து உண்டு. எண்ணிக்கைக்குப் பரிசு என்றால், பிள்ளை மெலிசான புத்தகமாகத் தேடிப் புரட்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் 'கதைச் சுருக்கம் எழுது' என்றால் அது இன்னொரு ஹோம்வொர்க். குறும்பு செய்த பையனை 'போய் லைப்ரரியில் உட்கார்' என்று அனுப்பினால், நூலகம் தண்டனை அறை. இவற்றைவிட நல்ல பரிசு ஒன்று இருக்கிறது: படித்து முடித்த பிள்ளைக்கு இன்னொரு புத்தகமும், அதைப் பற்றிப் பேச ஒரு ஆளும்.

வீட்டு மொழிக்கும் ஒரு இடம்

உருது பேசும் பிள்ளைகள் உள்ள வகுப்பில், கதையை முதலில் வீட்டு மொழியில் சொல்லிவிட்டுப் பிறகு தமிழில் வாசிக்கலாம். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால், குழந்தையின் கவனம் முழுக்கத் தமிழ்ச் சொல்லின் மேல் இருக்கும். மதரஸாவில் உரக்க ஓதிப் பழகிய பிள்ளைக்குச் சத்தமாக வாசிப்பதில் கூச்சம் குறைவு. அந்தப் பழக்கம் பெரிய பலம். வகுப்பில் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். பாட்டியோ நானியோ சொன்ன கதையைப் பிள்ளைகளே எழுதி, படம் வரைந்து, தைத்துக் கொடுத்தால் லைப்ரரிக்கு ஒரு புதுப் புத்தகமும் ஆச்சு.

இதற்குப் போனும் உதவும். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-ல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ், உருது உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் இலவசம். ஒரே கதை இரண்டு மொழியிலும் கிடைப்பது உண்டு. டவுன்லோடு செய்யலாம், பிரின்ட் எடுத்தும் கொடுக்கலாம்.

நீங்க என்ன செய்யலாம்?

இதைப் படிக்கும் நீங்கள் டீச்சராக இருக்க வேண்டியதில்லை. அக்காவாகவோ, மாமாவாகவோ, முன்னாள் மாணவராகவோ இருந்தால் போதும்.

வீட்டுக் குட்டிக்குத் தூங்கும் முன் 10 நிமிஷம் வாசித்துக் காட்டுங்கள். ஒரே புத்தகத்தைப் பத்தாவது முறை கேட்டாலும் வாசியுங்கள். உங்கள் பழைய பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் 'குட்மார்னிங்' படத்துக்குப் பதில், ஸ்கூலுக்கு ஒரு பெட்டிப் புத்தகம் வாங்கலாமா என்று கேளுங்கள். எதை வாங்குவது என்று குழப்பமா? சிறுவர் இலக்கியத்துக்கான பால சாகித்ய புரஸ்கார் வாங்கிய தமிழ்ப் புத்தகங்களிலிருந்து ஆரம்பிக்கலாம். யெஸ்.பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (2020), ஜி.மீனாட்சியின் 'மல்லிகாவின் வீடு' (2022), உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023), யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' (2024) என்று நல்ல வரிசை இருக்கிறது. போட்டித் தேர்வு கைடுகளையும், வீட்டைக் காலி செய்யும்போது மிஞ்சிய பழைய டைரக்டரிகளையும் மட்டும் தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். லைப்ரரி, பழைய பேப்பர் கடை இல்லை.

அதோடு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும்போது பெற்றோர் ஒரு வாக்கியம் சொல்லலாம்: 'புத்தகம் தொலைஞ்சா நாங்க டீச்சர்மேல பழி போட மாட்டோம். வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்க.' பல பீரோக்களைத் திறக்க இந்த உறுதி ஒன்றே போதும்.

இந்த வாரமே உங்க வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்க, 'உங்க கிளாஸுக்கு லைப்ரரி பீரியட் எந்தக் கிழமை?' டக்கென்று பதில் வந்தால் சந்தோஷம். 'அப்படின்னா?' என்று திருப்பிக் கேட்டால், அடுத்த தடவை ஸ்கூலுக்குப் போகும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.