முப்பத்தைந்தில் முடியும் உத்தியோகம்

ஒரே ஆகாய விமானத்தில், ஒரே பிரயாணிகளுக்கு, ஏறக்குறைய ஒரேவிதமான பணிவிடையைச் செய்துவந்த இருபாலாரில், ஆடவர் 58 வயது வரையில் உத்தியோகத்தில் நீடிக்கலாம் என்றிருந்தது. பெண்களோ 35 வயது நிரம்பியதும், அல்லது சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் விவாகம் செய்துகொண்டாலும், அல்லது முதன்முறை கருவுற்றாலும், இவற்றில் எது முந்துகிறதோ அப்போதே விலகிவிட வேண்டும் என்று ஏர் இந்தியா நிறுவனம் விதி வகுத்திருந்தது. அதற்கு மேலும் பறக்க விரும்பியவர், வைத்தியப் பரிசோதனையில் தேறினாலும், வருஷா வருஷம் நிர்வாக இயக்குநரின் தயவை நாட வேண்டும்; அந்தத் தயவுக்கும் 45 வயதே எல்லை.

இந்த விதிகளை எதிர்த்து விமானப் பணிப்பெண் நர்கேஷ் மீர்ஸா முதலானோர் தொடுத்த வழக்கில், 1981 ஆகஸ்டில் தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட்டு, கருவுற்றவளை வேலையிலிருந்து விலக்குவது இந்தியப் பெண்மைக்கே அவமானம் என்று கண்டித்து அவ்விதியை ரத்துச் செய்தது. இயக்குநரின் கட்டற்ற அதிகாரத்தையும் செல்லாதென்றது. உடல்தகுதி உள்ளவர்கள் 45 வயது வரை பறக்க வழி பிறந்தது. ஆனால் இருபாலாரும் வெவ்வேறு வகுப்பினர் என்று சொல்லி, வயது வித்தியாசத்தை அந்தத் தீர்ப்பு நீடிக்கவிட்டது எனக்கு இன்றும் மனத்தாங்கலே. 2003-இல் வந்த மற்றொரு தீர்ப்பும், பெண்கள் 50 வயதில் பறப்பதை நிறுத்த வேண்டும் என்ற ஏற்பாட்டை அங்கீகரித்தது.

ஆபத்து வேளையில் கனத்த கதவைத் திறந்து பிரயாணிகளை இறக்கிவிட ஒரு பணிப்பெண்ணால் இயலுமா என்பது சோதித்து அறியத்தக்க விஷயம். அதைச் சோதியாமல், பிறந்த தேதியைப் பார்த்தே முடிவு கட்டிவிடுவதுதான் வயதுப் பாகுபாடு. 1969-இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் ராபர்ட் பட்லர், வாஷிங்டன் வட்டாரத்தில் வயோதிக ஏழைகளுக்கு வீடு ஒதுக்குவதை அக்கம்பக்கத்தார் எதிர்த்ததைக் கண்டு, இது நிறபேதத்துக்குச் சமமான அநீதி என்று எடுத்துரைத்தார். உலகில் இருவரில் ஒருவர் முதியோரிடம் இத்தகைய மனப்பான்மை கொண்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தெரிவித்தது.

இதைக் காண நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் எழுபது வயது அம்மாள் எதிரிலேயே அமர்ந்திருக்க, "அம்மாவுக்கு என்ன செய்யுது?" என்று டாக்டர் மகனைக் கேட்கிறார், அந்த அம்மாளும் வாய் திறவாமல் மகன் முகத்தைப் பார்க்கிறாள். இளைஞர்களும் தப்புவதில்லை: கணக்கில் பிழை கண்டு சொன்ன குமாஸ்தாவை "நேத்து வந்த பையன்" என்று அடக்கிவிட்டால், அந்தப் பிழை பேரேட்டிலேயே தங்கிவிடுகிறது.

ஏர் இந்தியாவின் விதியைத் திரும்பப் படிக்கையில் என் மனத்தை வருத்துவது ஒன்றுண்டு. ஒருவரின் தகுதியை அறிய வேண்டிய வைத்தியப் பரிசோதனை அதிலேயே எழுதப்பட்டிருந்தது. அதை ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக்கியிருந்தால் போதும். 35 என்ற எண்ணே அங்கே தேவைப்பட்டிராது.