காலியாக விடப்பட்ட ஐந்தாம் எண்: நெதர்லாந்து பாடல் ஏன் நீக்கப்பட்டது?

கம்போங் ராஜா: கோயில் திருவிழாவோ தீபாவளி கலைநிகழ்ச்சியோ, நம் பக்கத்துப் பாட்டுப் போட்டி அறிவிப்புகளில் கடைசியாக ஒரு வரி இருக்கும்: ‘நடுவர்களின் தீர்ப்பே இறுதியானது.’ ஐரோப்பாவின் யூரோவிஷன் போட்டியிலும் நிலைமை ஏறக்குறைய அப்படித்தான்.

2024 மே 11-ஆம் தேதி சுவீடனின் மால்மோ நகரில் அதன் இறுதிச் சுற்று. நமக்கு அது மறுநாள் விடியற்காலை 3 மணி. சில மணி நேரத்துக்கு முன்பு நெதர்லாந்து நீக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. போட்டி தொடங்கிய பிறகு ஒரு நாடு நீக்கப்பட்டது அதுவே முதல் முறை.

இப்போட்டிக்குப் பாடல் அனுப்புவது அரசாங்கம் அல்ல. நம் ஆர்டிஎம் போன்ற ஒளிபரப்பு நிறுவனங்கள்தான் அனுப்புகின்றன. விதிகளை வகுப்பது ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம். அதனால் பாடகர் தவறே செய்யாமலும் வாய்ப்பை இழக்கலாம். 2016-இல் ருமேனிய ஒளிபரப்பு நிறுவனம் கடன் பாக்கி வைத்திருந்ததால் அந்நாட்டுப் பாடகர் வீட்டிலேயே இருக்க வேண்டியதாயிற்று. 2021-இல் பெலாரஸ் அனுப்பிய இரண்டு பாடல்களும் விதிமீறல் என்று தள்ளப்பட்டன. போட்டியில் அரசியலுக்கு இடமில்லை.

நெதர்லாந்து விவகாரம் வேறு. யோஸ்ட் கிளைன் பாடிய ‘யூரோபாபா’ மே 9 அரையிறுதியில் தேர்வாகிவிட்டது. பாட்டில் குறை ஏதும் சொல்லப்படவில்லை. மேடையிலிருந்து இறங்கியவர், தம்மைப் படம்பிடித்த பெண் ஒளிப்பதிவாளரை நோக்கி மிரட்டும் விதமாகக் கையசைத்தார் என்று புகார். அவரைத் தொடவில்லை, படம் எடுக்கக் கூடாது என்று முன்பே பேசியிருந்தோம் என்றது டச்சு ஒளிபரப்பு நிறுவனமான அவ்ரோட்ரோஸ். போலீஸ் விசாரணை நடக்கும்போது அவர் தொடர்வது பொருத்தமல்ல என்றது ஒன்றியம்.

வேலையிடத்தில் ஒரு பெண் ஊழியர் புகார் கொடுத்தால் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. தோட்டத்திலும் கடையிலும் வேலை செய்யும் நம் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் விசாரணை முடியும் முன்பே நாட்டை நீக்கியது சரியா? அங்குதான் சிக்கல். இறுதிச் சுற்றை இன்னொரு நாள் நடத்த முடியாது.

அன்றிரவு 26-க்குப் பதில் 25 பாடல்கள்தான். நெதர்லாந்துக்குரிய ஐந்தாம் எண் காலியாக விடப்பட்டது. டச்சு மக்களின் வாக்குகளும் நடுவர்களின் புள்ளிகளும் செல்லுபடியாயின. அந்நாட்டு நடுவர்களின் புள்ளிகளை வாசிக்க வேண்டியவர் விலகிக்கொண்டார். அதை வாசித்த போட்டி மேற்பார்வையாளரை அரங்கத்தினர் கூச்சலிட்டு எதிர்த்தனர்.

ஆகஸ்டு மாதம் சுவீடன் அரசு வழக்கறிஞர் விசாரணையை முடித்துக்கொண்டார். அந்தச் செயல் கடும் அச்சத்தை உண்டாக்கக்கூடியது என்று நிரூபிக்க முடியாது என்பது அவர் முடிவு. போட்டியோ மே மாதமே முடிந்திருந்தது.

மறு ஆண்டு பாசலில் நடந்த போட்டிக்கு முன், கலைஞர்களுக்கான நடத்தை விதிகளையும் நலப் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் ஒன்றியம் கொண்டுவந்தது. நெதர்லாந்து திரும்பி வந்தது, குளோட் என்ற வேறொரு பாடகருடன். 12-ஆம் இடம் கிடைத்தது.