இருளில் முடியும் பாட்டு

முற்றத்துச் சங்கீதங்கள் – 9

பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பிக் கொஞ்சத் தூரம் போனால் எங்கள் வேதவாசிப்புக் குழு கூடும் வீடு வரும். வியாழன் பின்னேரம் ஆறரைக்கு வாசலில் செருப்புகள் நிறைந்துவிடும். ஏழெட்டுக் குடும்பம், இரண்டு பாய், நாலைந்து பிளாஸ்ரிக் கதிரை. இந்தக் கிழமை 88 ஆம் சங்கீதம்.

பல வருடமாக நான் தாண்டிப்போன சங்கீதம் இது. செத்தவீட்டுக்கு 23, பயணம் போகிறவருக்கு 121, ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் 91 என்று கைக்குப் பழகிய எண்கள் சில உண்டு. 88 ஐ வாசியுங்கோ என்று என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. 150 ஐயும் வரிசையாக வாசிப்போம் என்று குழு முடிவெடுத்தபிறகுதான் தாண்ட வழியில்லாமல் போனது. அது நல்லதுக்கே. பிடித்ததை மட்டும் பொறுக்கி வாசிக்கிறவன் தன்னுடைய குரலையே திரும்பத் திரும்பக் கேட்கிறான்.

முதலில் ஒருவர் முழுதையும் சத்தமாக வாசிப்பார். அடுத்த தடவை வசனத்தின் முன்பாதியை அவர் சொல்ல, பின்பாதியை எல்லாரும் சேர்ந்து சொல்வோம். எபிரேயக் கவிதை எதுகையில் நிற்பதில்லை. சொன்னதை வேறு சொல்லில் திருப்பிச் சொல்லி நிற்கிறது. ரொபேட் லோத் என்ற ஆங்கில அறிஞர் 1753 இல் அச்சிட்ட நூலில் இதை விரித்து எழுதினார். ஒப்பாரி கேட்டு வளர்ந்த எங்கள் பெண்களுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டாம் வசனத்திலேயே தாளம் பிடித்துவிட்டார்கள். ஒரு வித்தியாசம்தான். ஒப்பாரி செத்தவரைப் பார்த்துப் பேசும். இது கடவுளின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறது.

சங்கீதங்களில் அதிகமானவை முறையீடுகள். அநேகமானவை ஓரிடத்தில் திரும்பும். 13 ஆம் சங்கீதத்தில் ஆறே வசனம். ஐந்தாவதில் அழுகை நம்பிக்கையாக மாறிவிடும். 88 இல் பதினெட்டு வசனம் இருந்தும் அந்தத் திருப்பம் இல்லை. தலைப்பில் எஸ்ராகியனான ஏமான் என்று பெயர் இருக்கிறது. கடவுளைத் தன்னை இரட்சிக்கிறவர் என்று ஒருதரம் கூப்பிடுகிறார். பிறகு கடைசி மட்டும் குற்றச்சாட்டு: இரவும் பகலும் கத்துகிறேன், நீர் முகத்தைத் திருப்பிக்கொண்டீர், செத்தபிறகு உமது அற்புதத்தால் யாருக்கு என்ன பயன் என்று வாதாடுகிறார். எபிரேய மூலத்தில் கடைசிச் சொல் இருள். எங்கள் கையிலிருக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்போ, தெரிந்தவர்கள் மறைந்துபோனதைச் சொல்லி முடிக்கிறது.

அந்த மொழிபெயர்ப்பு ஹென்றி பவர் தலைமையிலான குழு செய்து 1871 இல் வெளிவந்தது. அதற்கு முன்னர், யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்து 1850 இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு ஒன்றும் உண்டு. சைவத்தைக் காக்க நின்ற நாவலரின் தமிழ் வேதாகமத்துக்கும் உழைத்தது என்று நான் சொன்னபோது, பக்கத்து வளவுப் பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார். அவர் சைவம். எங்கள் வாசிப்பு அவருக்குப் பிடிக்கும், வந்து வாசற்படியில் இருப்பார்.

நாங்கள் கூடும் வீட்டு வேதாகமம் இந்த முல்லைத்தீவு வீதியாலேயே போய் வந்தது. 2008 கடைசியில் போரால் சனம் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே நகர்ந்தபோது உடுப்புக்கு நடுவில் சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால், அதன்பின் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம், பிறகு திரும்பவும் பரந்தன். தண்ணீர் பட்ட தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. மெதுவாக நகத்தால் பிரித்துத்தான் 88 ஐ எடுத்தோம்.

வாசித்து முடித்ததும் ஒருவரும் பேசவில்லை. பெரியம்மாதான் கேட்டார்.

"தம்பி, முடிஞ்சுதோ? மற்றப் பக்கத்திலயும் கிடக்கோ?"

"இல்லைப் பெரியம்மா, இவ்வளவும்தான்."

"ஆறுதலா ஒண்டும் சொல்லேல்லையே?"

"இல்லை."

எனக்கு உடனே 89 க்குப் புரட்டி, அதன் தொடக்கத்திலுள்ள துதியை வாசித்துக் காட்டக் கை போனது. வீட்டுக்கார அக்கா தடுத்தார். "விடுங்கோ ஐயா. இவ்வளவு கோவத்தையும் அவரிட்டத்தானே சொல்லியிருக்கு. ஆளில்லையெண்டு நினைச்சா ஆரும் இப்பிடிக் கத்துவினமோ?"

இதைவிட நல்ல விளக்கவுரை எனக்குத் தெரியாது. நான் புத்தகத்தை மடியில் வைத்தேன். புகையிரதம் ஒன்று தெற்கே போகும் சத்தம் கேட்டு அடங்கியது. வழக்கமாகச் சுற்றிவர ஒவ்வொருவரும் ஜெபிப்போம். அன்று பெயர்களை மட்டும் சொன்னார்கள். சிலர் ஒன்று, சிலர் மூன்று, நாலு. அதற்குப் பிறகு ஆமென் சொல்லி எழும்பினோம்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்துக்குப் பெரியம்மாவும் மகனின் படத்தோடு போய் இருந்தவர். படலையடியில் என்னை நிற்பாட்டினார்.

"அந்தப் பாட்டைப் பெரிய எழுத்தில எழுதித் தாங்கோ தம்பி. எனக்குக் கண் மங்கல்."

கொப்பித் தாளில் எழுதினேன். பதினெட்டு வசனமும் நாலு பக்கம் வந்தது.